கால் வழியே இறங்கிய புரதம்

கர்மூஸ் பேட்டையில் டிராம் நிற்கிறதோ இல்லையோ, டாக்டர் ஷேக் அபூ ஸிராஜின் வாசலில் கூட்டம் நிற்கும். அலெக்ஸாந்திரியா முழுக்க அவர் பேச்சுதான். தமன்ஹூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மகன், மாமியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மருமகள். எல்லோருக்கும் ஒரே வியாதி: மறதி.

போன வருடம்வரை அபூ ஸிராஜ் பேய்பிடித்தவர்களுக்கு ஜின் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. மூளை செல்களில் கெட்டுப்போன புரதம் சேர்வதற்கும் வயதானவர்களின் ஞாபகம் அழிவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று யாரோ ஒரு நல்ல மனிதர் அதில் விளக்கினார். அபூ ஸிராஜ் பாதி நிகழ்ச்சி பார்த்தார். மறுநாள் பலகையில் ‘ஜின்’ அழிந்தது, ‘புரதம்’ ஏறியது. பேருக்கு முன்னால் ‘டாக்டர்’ ஒட்டிக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

சிகிச்சை எளிது. ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். அதற்குள் மின்கம்பி இணைத்த இரண்டு இரும்புத் தண்டுகள். நோயாளி காலை உள்ளே விட்டதும், கண்ணேறு படாமலிருக்க மடியிலிருந்து தரைவரை ஒரு பச்சைத் துணி. ஷேக் கண்ணை மூடி முணுமுணுப்பார். அவருடைய மைத்துனன் சுவிட்சைத் தட்டுவான். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை விலக்கினால், தண்ணீர் சாக்கடை நிறத்தில் நிற்கும்.

“பாத்துக்குங்க. மூளையில இருந்த கெட்ட புரோட்டீன், கால் வழியா இறங்கிடுச்சு.”

மூளையிலிருந்து பாதம்வரை அது எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. குழாய் போட்டிருப்பார்கள் போல.

என் வீட்டுக்கு மேல்மாடியில் இன்ஸாஃப் குடியிருந்தார். கணவர் ஸப்ரி, டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதலில் சாவியை மறந்தார். பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்களை. பிறகு சாப்பிட்டதையே. இன்ஸாஃப் அவரை அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் ரன்யா பொறுமையாகச் சொன்னார்:

“மூளை செல்லுக்குள்ள சாமான் போய்வர தண்டவாளம் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அதை ஆடாம பிடிச்சு வைக்கிறது டௌன்னு ஒரு புரோட்டீன். இந்த நோயில அது கழண்டு, ஒண்ணோட ஒண்ணு சிக்கு விழுந்துடுது. தண்டவாளம் ஆட்டங்காணுது. செல்லுக்கு வெளியிலயும் வேற ஒரு புரோட்டீன் குப்பையா சேருது.”

“தண்டவாளக் கட்டை கழண்டா வண்டி ஓடாது,” என்றார் ஸப்ரி. அன்று முழுக்க அவர் தெளிவாகப் பேசியது அது ஒன்றுதான்.

“அந்தச் சிக்கை எடுத்துட முடியாதா டாக்டரம்மா?”

“இவர் இருக்கிற நிலையில முடியாதும்மா. இந்த மாத்திரை ஞாபகத்துக்குக் கொஞ்சம் தெம்பு குடுக்கும். நோயை நிறுத்தாது. உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரல.”

உண்மை பேசினால் என்ன ஆகும்? தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். “முடியாதுங்கிறவகிட்ட ஏன் போறே இன்ஸாஃப்? முடியும்கிறவரு தெருக்கோடியிலயே இருக்காரு.” இன்ஸாஃப் போனார். ஷேக் போட்ட முதல் நிபந்தனை, மருத்துவமனை மாத்திரையை நிறுத்த வேண்டும். அது புரதத்தைப் பூட்டி வைத்துவிடுமாம்.

வாரத்துக்கு வாரம் தொட்டி கறுத்தது. ஸப்ரியும் வாரத்துக்கு வாரம் மோசமானார். ஒரு நடுப்பகலில் ஆளைக் காணோம். தேடியலைந்த இன்ஸாஃப் கடைசியில் அவரைப் பழைய டிராம் கொட்டகையில் கண்டுபிடித்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்: “கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. வண்டி வர்ற நேரம்.”

இன்ஸாஃப் இதை ஷேக்கிடம் சொல்லி அழுதார்.

“நல்ல அறிகுறி ஹாஜ்ஜா. பழசு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்,” என்றார் ஷேக்.

அன்றைய சிகிச்சை முடிந்து துணியை விலக்கினார்கள். தண்ணீர் என்றைக்கும்விடக் கறுப்பு. “இன்னிக்கு நிறைய இறங்கியிருக்கு,” என்றார் ஷேக். கால் துடைக்கத் துண்டோடு குனிந்த இன்ஸாஃப் அப்படியே நின்றார். ஸப்ரி நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பிடிக்காமல் துணிக்கடியில் எப்போதோ காலை எடுத்துவிட்டிருக்கிறார். பாதம் காய்ந்து கிடந்தது.

இன்ஸாஃப் துண்டை மடித்துக்கொண்டு கணவரை வீட்டுக்குக் கூட்டிப்போனார். அடுத்த முறைக்கு முன் கசாப்புக் கடைக்குப் போய் இரண்டு மாட்டுக்கால் கேட்டார்.

“சூப்புக்கா?” என்றான் கடைக்காரன்.

“சிகிச்சைக்கு.”

அன்றும் கூடம் நிறைந்திருந்தது. துணைக்குப் போன நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல ஸப்ரியின் காலைத் தொட்டியில் வைப்பதற்கு இன்ஸாஃப் துணிப்பையோடு குனிந்தார். துணி விழுந்தது. ஷேக் முணுமுணுத்தார். சுவிட்ச் தட்டப்பட்டது. நேரம் வந்ததும் ஷேக் துணியின் ஒரு முனையைத் தூக்கி எட்டிப்பார்த்தார். கலங்கிய தண்ணீரைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை.

“இது சாதாரணப் புரோட்டீன் இல்ல. டிராம் ஓட்டின காலத்துக் கவலையெல்லாம் கரைஞ்சு வந்திருக்கு.”

இன்ஸாஃப் மைத்துனனைச் சுவிட்சை அணைக்கச் சொன்னார். தொட்டிக்குள் கைவிட்டு, குளம்போடு இரண்டு மாட்டுக்கால்களை எடுத்து ஷேக்கின் மேசைமேல் வைத்தார்.

“இந்த மாடு எந்தக் காலத்துல டிராம் ஓட்டுச்சு ஷேக்?”

ஷேக் அசராமல், “மாட்டுக்கும் மூளை இருக்கு ஹாஜ்ஜா,” என்றார்.

“அந்த மூளையைக் காலையிலேயே வேற யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். சரி, வெறும் தண்ணியில சுவிட்சைப் போட்டுக் காட்டுங்க.”

மைத்துனன் ஷேக்கைப் பார்த்தான். ஷேக் கூரையைப் பார்த்தார். தமன்ஹூர்க்காரர் ஒருவர் எழுந்து தொட்டியைக் கழுவினார், புதுத் தண்ணீர் விட்டார், உப்பைப் போட்டார், சுவிட்சைத் தட்டினார். துணி இல்லை, கால் இல்லை, மாடும் இல்லை. எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் மஞ்சளாயிற்று, பழுப்பாயிற்று, மேலே கசடு மிதந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு அவர் ஒரு தண்டைத் தூக்கினார். பாதி அரித்துப்போயிருந்தது.

“துரு,” என்றார் அவர். “எங்கப்பாவை மூணு மாசமா இதுலதான் ஊறவெச்சேன்.”

ஷேக் பின்வாசலுக்கு நடந்தார். அங்கேயும் நோயாளிகள் வரிசை நின்றது. அவர்கள் பிடித்துக்கொடுத்த காவல் நிலையத்தில் என்ன கேட்டாலும், “ஞாபகமில்லை” என்றே சொன்னாராம்.

ஸப்ரி மறுபடி மாத்திரை சாப்பிடுகிறார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் மனைவியின் பெயர் வரும், பல நாள் வராது. இன்ஸாஃப் தினமும் அவர் கையைப் பிடித்துக் கடற்கரைவரை நடத்திக் கூட்டிப்போகிறார். ஷேக் பிடிபட்ட வாரமே ஒரு பெண் படியேறி வந்து இன்ஸாஃபிடம் கேட்டாள்: “இவரு மோசம்னா போகட்டும் அக்கா. புரோட்டீன் எடுக்கிற நல்ல ஷேக் வேற யாராவது இருக்காங்களா?”

ஸப்ரிக்கு வந்தது நோய். யோசிக்க நினைத்தாலும் அவரால் முடியாது. கூடம் நிறைய நல்ல மூளையோடு உட்கார்ந்திருந்தோமே, நமக்கு என்ன வந்தது?