ஒரே ஓர் ஆட்சேபணை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி, நகராட்சி அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடி எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உன் முழங்காலும் அப்படித்தான் இருக்கும்.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். இன்று பதினொரு மணிக்கு நம் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் முத்திரை விழப்போகிறது! நாற்பத்தொன்றாம் மனை எனக்கு, நாற்பத்திரண்டு உனக்கு, நடுவில் ஒரே சுவர், அதில் உன் சமையலறைக்கும் என் சமையலறைக்கும் பொதுவாக ஒரு ஜன்னல். எப்போதோ கட்டியிருக்க வேண்டியது. இரண்டு வருஷம் முன்னால், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதிப் பெட்டியில் போடலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்களா, எண்பது மனைக்காரர்களும் வாயை மூடிக்கொண்டிருக்க, எவனோ ஒரு புண்ணியவான் எழுதிப் போட்டுவிட்டான். கோப்பு அப்படியே படுத்துவிட்டது. நானும் அப்போதே, சீக்கிரம் ஒப்புதல் கொடுங்கள் என்று உருக்கமாக எழுதிப் போட்டேன். நல்லவன் கடிதத்தை யார் மதிக்கிறார்கள்? செவ்வாய்தோறும் வந்து, "யார் சார் அந்தப் படுபாவி?" என்று குமாஸ்தாவைக் கேட்பேன். "விசாரணை அன்னைக்குத்தான் சார் உறையைப் பிரிப்போம்" என்பார். அந்த விசாரணை இன்றைக்கு. ஆட்சேபித்தவன் நேரில் வராவிட்டால் தள்ளுபடி, உடனே முத்திரை. "அவன் வரலைன்னா தானா முடிஞ்சிடும், நீங்க எதுக்குப் போறீங்க?" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. அவன் மூஞ்சியை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். எதிரே மீசைக்காரர் ஒருவர் திருதிருவென்று விழிக்கிறார். அவராகத்தான் இருக்கும்.

அக்கா, சாயங்காலமானால் நான் மனைக்குப் போய் நாற்பத்தொன்றில் நின்று நாற்பத்திரண்டோடு பேசிக்கொண்டிருக்கிறேன். உன் சமையலறை வரவேண்டிய இடத்தில் முள்செடி முளைத்திருந்தது, பிடுங்கிப் போட்டேன். ஒன்பதாவது மாடியில் மகள் வீட்டில் நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். போன மாதம் நீ சொன்னாயே, "போன்ல குரல் மட்டும்தான்டா வருது, நீ வரமாட்டேங்குற" என்று, அது மனசை விட்டுப் போகவில்லை. உனக்குக் கல்யாணமாகிப் போனதிலிருந்து நாம் ஒரே ஊரில் இருந்ததே இல்லை. எனக்கு அறுபத்தாறு, உனக்கு எழுபத்தொன்று. நீ வரிசையாக ஏழு தும்மல் போடுவாயே, அதை ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்து எண்ண வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

மணியாகிவிட்டது, கூப்பிடுகிறார்கள். உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல். பெட்டி கட்ட ஆரம்பித்துவிடு. உன் ஆசி என்றைக்கும் வேண்டும் தம்பி.

பின்குறிப்பு: பெட்டியைக் கட்டாதே. உறையைப் பிரித்துப் பெயரைப் படித்தார்கள். என் பெயர். அக்கா, அந்த ஆட்சேபணைப் பெட்டியில் விழுந்தது மொத்தமே ஒரு கடிதம்தானாம். அதிகாரி எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார்: 'எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அக்கா பக்கத்தில் வந்து இருக்க வேண்டும். நாளாக நாளாகப் பயமாக இருக்கிறது. சீக்கிரம் கொடுங்கள்.' மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; குடிநீர் இணைப்புக்கு வந்தவராம், பாவம். "ஆட்சேபணை இல்லைன்னு ஏன் சார் ஆட்சேபணைப் பெட்டியில போட்டீங்க?" என்றார் அதிகாரி. "வேற பெட்டி வைக்கலையே சார்" என்றேன். "நீங்க இன்னைக்கு வராம இருந்திருந்தா இந்நேரம் முத்திரை குத்தியிருப்போம்" என்று குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார். ஆட்சேபித்தவன் நேரில் வந்துவிட்டதால் முறைப்படி விசாரித்தே ஆக வேண்டுமாம். கடிதத்தில் சொல்லியிருக்கும் அக்காவும் அடுத்த மாதம் பத்தாம் தேதி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். கையெழுத்துக்காக வராவிட்டாலும் என்னைத் திட்டவாவது வா. போனில் திட்டி வீணாக்கிவிடாதே.