சாம்பியன் ரீப்ஸ் சர்க்கரைப் பாதுகாப்புக் கமிட்டி

உலகத்திலேயே முதன்முதலில் புற்றுநோயை ஒழித்த ஊர் கோலார் தங்கவயல்தான். ஒழித்தவன் அடியேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டவை ஒரு குளுக்கோமீட்டர், ஒரு பலகை, கொஞ்சம் ஆணி. மருத்துவப் படிப்பு எதுவும் குறுக்கே வரவில்லை.

இந்த ஞானம் எனக்கு ரயிலில் கிடைத்தது. தினமும் விடிகாலையில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஒருநாள் பங்காருபேட்டை வருவதற்குள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், 'கேன்சர் செல்லுக்குச் சாப்பாடே சர்க்கரைதான்' என்றார். யோசித்தேன். சாப்பாடு இல்லாத வீட்டுக்கு விருந்தாளி வருவானா? வர மாட்டான். ஆகவே ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தால் கேன்சர் வராது. மீதி வீடியோவை நான் பார்க்கவில்லை. அதற்கு அவசியம் எழவில்லை.

அந்த ஞாயிறே என் வீட்டு முன்னறையில் கமிட்டி உதயமானது. தலைவர் நான். செயலாளர், சர்ச் முடிந்து நேராக வந்த பக்கத்து வீட்டு பர்னபாஸ். செயல்முறையை என் அப்பா வேலை பார்த்த சுரங்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். அங்கே ஷாஃப்ட் குழியில் இறங்குகிறவர்கள் பலகையிலிருந்து ஆளுக்கொரு டோக்கன் எடுத்துப் போவார்கள். ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார்கள். ஷிப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால், ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று தேடிக்கொண்டு இறங்குவார்கள். நம் பலகையிலும் அதே ஒழுங்கு. வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்றுக்குக் கீழே இருப்பவரின் டோக்கன் ஆணியில் தொங்கும், அவர் 'பத்திரம்'. நூற்றைத் தாண்டினால் இறங்கிவிடும். நூற்றிரண்டு வந்து டோக்கன் இறங்கிய உறுப்பினர் தங்கவேலு ஒரு வாரம் எங்கள் தெருப் பக்கமே தலை காட்டவில்லை.

"தலைவரு வெரல நீட்டுணா," என்றார் பர்னபாஸ், ஊசியோடு.

"தலைவருடையது ரகசியம். நிர்வாகக் காரணம்."

"காலீல ரெண்டு ஜிலேபி துன்னியே, அந்தக் காரணமா?"

இந்தக் கேள்வி அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

என் மனைவி குணசுந்தரிக்கு எண்பத்தாறு. தெருவிலேயே அதுதான் குறைவு. மற்றவர்களுக்கெல்லாம் ஆண்டர்சன்பேட்டையில் தகரத்தில் வெட்டி வாங்கிய டோக்கன். அவளுக்கு மட்டும் அப்பாவின் அசல் பித்தளை டோக்கன், நம்பர் 1147. முதல் ஆணியில் நானே மாட்டினேன். பர்னபாஸ் கைதட்டினார். அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் வந்து நின்றாள்.

"இன்னாங்க, மாருல கட்டி மாதிரி ஒண்ணு கீது. வலி இல்ல. டாக்டராண்ட போய்ட்டு வரலாமா?"

பதறுவது ஒரு தலைவருக்கு அழகல்ல. பலகையைக் காட்டினேன்.

"அங்க இன்னா தொங்குது?"

"டோக்கன்."

"அப்புறம் இன்னா? எம்பத்தாறு கீறவளுக்கு எங்கேர்ந்து வரும்? கொழுப்புக் கட்டியா இருக்கும், போ."

அடுத்த மாதமும் கேட்டாள். விரலில் குத்திப் பார்த்தேன். எண்பத்து நாலு. "பாரு, கொறஞ்சிக்கினே வருது!" என்று பாராட்டினேன். கமிட்டியில் அவளுக்கு ஒரு நன்றித் தீர்மானமும் நிறைவேறியது. அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அறிவியல் வென்றது என்று நினைத்துக்கொண்டேன்.

கமிட்டி தொடங்கிய ஆறாம் மாதம் அவளே ரயிலேறிவிட்டாள், பர்னபாஸின் மகள் ஸ்வீட்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. பெங்களூரில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வரும் நாளில் என்னையும் வரச்சொன்னார்கள். கேன்சர்தான்.

நான் எழுந்து நின்று ஆட்சேபம் தெரிவித்தேன். "மேடம், இவளுக்கு சுகர் எம்பத்தி நாலு!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சர்க்கரை வியாதி இருந்தா சில கேன்சர் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதுக்காக, சுகர் நார்மல்னா கேன்சரே வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

சொன்ன கமிட்டியின் தலைவர் மறுபடி உட்கார்ந்தார். சுகர் பேச்சு வந்ததே என்று கையோடு என் விரலையும் குத்தினார்கள். இருநூற்று எழுபது. ரகசியம் வெளியான அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவேயில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது.

"குணப்படுத்தலாம். முன்னாடியே வந்திருந்தா வைத்தியம் இன்னும் சுலபமா இருந்திருக்கும்," என்றார் டாக்டர். "கட்டி இருக்குன்னு எப்பம்மா தெரிஞ்சது?"

"நாலு மாசம் ஆவுது."

"இவ்வளவு நாள் ஏன் வரல?"

குணசுந்தரி பர்சைத் திறந்து பித்தளை டோக்கனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது ஆணியிலயே தொங்கிக்கினு இருந்திச்சி டாக்டர். ஆளு உள்ள கீறது யாருக்கும் தெரில."

தெரியவில்லை என்று சொன்னது அவள் பெருந்தன்மை. கீழேயிருந்து இரண்டு தடவை அவள் கூப்பிட்டாள். மேலே நின்றவன் பலகையைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஏறி வந்தாயிற்று என்று கதவைப் பூட்டினான்.