மாமனார் வீட்டில் ஒரு சப்பைமூக்கு ரிவால்வர்

சப்பைமூக்கு ரிவால்வர் என்றால் என்ன என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். தோட்டாக்கள் சுழலும் உருளைக்குள் இருக்க வேண்டும். குழல் குட்டையாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு அங்குலம், மிஞ்சிப்போனால் மூன்று. நான்கு அங்குலம் வந்துவிட்டால் அது சப்பைமூக்கு இல்லை, சாதாரண மூக்கு. சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே மூக்கைக் குறைத்த ரகம் அது. இவ்வளவும் தெரிந்த நான் நிஜத் துப்பாக்கியைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை. (யூடியூப் எதற்கு இருக்கிறது?)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். இரும்புத் துண்டுகளில் துளை சரியான இடத்தில், சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை. சட்டைப்பையில் எந்நேரமும் ஓர் எஃகு ஸ்கேல் இருக்கும். அளந்து சொல்கிறவனை எவனும் எதிர்த்துப் பேச முடியாது என்று நான் திடமாக நம்பிய காலம்.

அந்த ஸ்கேலோடுதான் ஷாமினியின் அப்பாவைப் பார்க்கப் போனேன். நானும் ஷாமினியும் மூன்று வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தோம். "மொதல்ல பையன் தனியா வரட்டும். பேசிப் பாக்குறேன். புடிச்சிருந்தா அப்பா அம்மாவ கூட்டிட்டு வரட்டும்" என்று அவர் சொல்லியிருந்தார். ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அவர் விளையாட்டு ஆசிரியர். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே பள்ளி, பள்ளிக்குப் பின்னால் வீடு. மூத்த மகளைக் கேட்டு வந்த இரண்டு பேரை, தேத்தண்ணி ஆறுவதற்குள் திருப்பி அனுப்பியவர் என்று ஷாமினி முன்பே எச்சரித்திருந்தாள்.

"ரொம்பப் பேசாதீங்க லா, ப்ளீஸ்."

நான் சிரித்தேன். பேசித்தானே அவளையே பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தபோது வாத்தியார் வீட்டில் இல்லை. மறுநாள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி. திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஷாமினியின் அம்மா என்னை உட்காரவைத்து வடையும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசைமேல் வெள்ளைத் துண்டு. துண்டின்மேல் எண்ணெய்க் குப்பியும் ஒரு ரிவால்வரும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாளை விளையாட்டுப் போட்டி என்பது எனக்குத் தெரியும். அவர் விளையாட்டு ஆசிரியர் என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டத்தான் தெரியவில்லை. (நான் படித்த பள்ளியில் ஓட்டப்பந்தயத்துக்கு விசில்தான் ஊதுவார்கள்.) கையால் தொடாமல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். ஐம்பத்தொரு மில்லிமீட்டர். இரண்டு அங்குலம்! ஸ்கேலோடு சேர்த்து ஒரு படம் எடுத்து, போலீஸில் கான்ஸ்டபிளாக இருக்கும் என் நண்பன் ரவீனுக்கு அனுப்பினேன்.

"மச்சான், அசல் சப்பைமூக்கு. சரியா?"

"எங்கடா இருக்க?" என்று உடனே பதில் வந்தது.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றால் நம் நாட்டில் வருடக்கணக்கில் ஜெயில், பிரம்படி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. அவன் என் அறிவை மெச்சத்தான் கேட்கிறான் என்று நினைத்து லொக்கேஷனையும் அனுப்பினேன்.

காலெல்லாம் சுண்ணாம்போடு வாத்தியார் வந்து எதிரில் உட்கார்ந்தார். வேலை, சம்பளம், குடும்பம் என்று அவர் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"அங்கிள், ஒங்க ரிவால்வர் அம்பத்தோரு மில்லி. அசல் சப்பைமூக்கு."

"அப்படியா?"

"சில பேரு நாலு இன்ச்சையும் சேத்துக்குவாங்க. நா சேக்க மாட்டேன்."

"ஓ. வேற என்ன தெரியும் தம்பி?"

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். குட்டைக் குழலில் குறி ஏன் தவறும், துப்பறிகிறவர்கள் ஏன் அதையே விரும்புகிறார்கள் என்று கால் மணி நேரம் பிளந்து கட்டினேன். அவர் முழங்காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் ஷாமினி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் வாசலில் போலீஸ் கார் வந்து நின்றது.

ரவீன் இறங்கினான். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கூடவே ஒரு மலாய்க்கார சார்ஜன். வாத்தியார் எழுந்து, என்ன விஷயம் என்று கேட்டு, மேசையைக் காட்டினார். சார்ஜன் துண்டோடு அதை எடுத்து, முன்பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"லுபாங் மானா?"

துளை எங்கே என்று கேட்கிறார். பார்த்தேன். குழலின் முனையில் துளையே இல்லை. கெட்டி இரும்பு. ஓட்டப்பந்தயம் தொடங்கிவைக்கும் வெறும் சத்தத் துப்பாக்கி அது. சப்பைமூக்குக்கு உண்டான அத்தனை லட்சணமும் அதற்கு இருந்தது. துப்பாக்கிக்கு உண்டான லட்சணம்தான் இல்லை. நாள் முழுக்கத் துளை பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான்!

அத்தோடு முடியவில்லை. துப்பாக்கிக்கான அனுமதிக் கடிதம் பள்ளி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி பள்ளி அலுவலகக் கிராணியிடம் இருந்தது. கிராணி பினாங்கில் இருந்தார். புகார் பதிவாகிவிட்டதால் திங்கட்கிழமை கடிதத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி, சார்ஜன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஷாமினியின் அம்மா வந்து வடைத் தட்டை உள்ளே எடுத்துப் போனார். பாதி கடித்த வடை என் கையிலேயே இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், அப்போதுதான் பயந்தேன். இவளை என் வாயாலேயே இழந்துவிட்டேன் என்று புரிந்தது. சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது.

"நாளைக்கு ஏழு மணிக்குத் தெடலுக்கு வந்துரு" என்றார் வாத்தியார்.

"எதுக்கு அங்கிள்?"

"துப்பாக்கி இல்லல்ல? நீதான் துப்பாக்கி."

"விசில் ஊதலாமே..."

"விசில் நா ஊதுவேன், பிள்ளைங்கள வரிசையில நிறுத்த. ஓடுறதுக்கு அதுங்களுக்கு வெடிச் சத்தந்தான் பழக்கம்."

மறுநாள் காலை, பெற்றோர்கள் கூடாரத்துக்கு எதிரே ஒரு நாற்காலிமேல் ஏறி நின்றேன். "கெ காரிசான்... செடியா..." என்று, கோட்டுக்கு வந்து தயாராக நிற்கும்படி வாத்தியார் ஒலிபெருக்கியில் மலாயில் சொன்னார். "டுப்" என்றேன். ஒரு பிள்ளையும் நகரவில்லை. ஒருத்தி மட்டும் திரும்பி, "அங்கிள், ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டாள். கூடாரமே சிரித்தது. ரோஷம் வந்துவிட்டது. அடுத்த "டுப்!" தோட்டத்து நாய்களையெல்லாம் எழுப்பிவிட்டது. அதன்பிறகு நான் நிறுத்தவில்லை. முப்பத்திரண்டு ஓட்டங்கள். ஒரு துப்பாக்கிக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அத்தனையும் அன்று கற்றுக்கொண்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

மத்தியானம் எல்லாம் முடிந்ததும் வாத்தியார் ஒரு குவளை சிவப்புச் சிராப் தண்ணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, எம்பொண்ண எப்படி வச்சுக் காப்பாத்துவ?"

இதற்கு நான் இரண்டு பக்கப் பேச்சே தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றேன். தொண்டையில் ஒரு சொட்டுச் சத்தம் மிச்சமில்லை. கண் கலங்கத் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் சிராப்புக் குவளையை என் கையில் கொடுத்தார்.

"இப்பிடியே இருந்தா எனக்குச் சம்மதம். அப்பா அம்மாவ கூட்டிட்டு வா."

எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மேளத்தை முந்திக்கொண்டு பின்வரிசையிலிருந்து பத்துப் பிள்ளைகள் "டுப்!" என்று கத்தினார்கள். அன்று முதல் ஷாமினி வீட்டில் எனக்குப் பெயர் கிடையாது. அவள் அக்கா பிள்ளைகளுக்கு நான் டுப் சித்தப்பா. என் மகளைத் தினமும் குளிக்க ஓடவைப்பதும், பள்ளிக்கு ஓடவைப்பதும் அதே சத்தம்தான்.

போன வருடம் அவள் முதல் வகுப்பு. அதே திடல், முதல் ஓட்டம். மாமனார் ஓய்வு பெற்றுவிட்டார். என் பக்கத்தில் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார். புது ஆசிரியர் கையை உயர்த்தி, அதே சப்பைமூக்குத் துப்பாக்கியை வெடிக்கவைத்தார். எல்லாப் பிள்ளைகளும் பாய்ந்தார்கள். என் மகள் மட்டும் கோட்டிலேயே நின்று, கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை. எழுந்து நின்று கத்தினேன். அவள் சிட்டாகப் பறந்தாள்; கடைசியாகத்தான் வந்தாள்.

ஷாமினி என்னை முறைத்தாள். மாமனார்தான் சமாதானம் சொன்னார்.

"பிள்ளைய ஒண்ணும் சொல்லாத. துப்பாக்கிதான் லேட்டு."