ரிமோட் பெட்டியும் இருநூறு சாப்பாடும்

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வராது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற நான் கும்மிடிப்பூண்டியில் மெஸ் நடத்தியதே அந்தத் திமிரில்தான். அதே திமிர்தான் ஒரு ஆபீசரை ஷட்டருக்குள் பூட்டியது.

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். தன் நாட்டுக்குத் திரும்பவிருந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியரிடம் என் மகன் பாபு பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கினான். டிரைவர் தலைக்கு மேலே கூரையில் சின்னதாக ஒரு பெட்டி. அவர்கள் நாட்டில் கார் நிறுத்துகிற கொட்டகைக் கதவின் ரிமோட்டை அதற்குள் வைப்பார்களாம். பெட்டி மூடியை அமுக்கினால், மூடியின் உள்பக்கக் குமிழ் ரிமோட் பட்டனை அமுக்கும். கதவு திறந்துகொள்ளும்; மறுபடி அமுக்கினால் மூடிக்கொள்ளும். பாபு விடுவானா? எங்கள் சமையல் கொட்டகை ஷட்டருக்கு மோட்டார் வைத்து, ரிமோட்டைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டான். (கையால் இழுக்கிற சங்கிலியைக் கழற்றச் சொன்னது நான். துருப்பிடித்து அசிங்கமாக இருந்ததே!)

ஒரு புதுக் கம்பெனி எங்களுக்கு ஒருநாள் சோதனை வைத்தது. பன்னிரண்டரை மணிக்குள் இருநூறு பேருக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்தால் ஆர்டர் எங்களுக்கு. சேராவிட்டால் வேறு ஆளுக்கு. கேன்டீன் ஆபீசரே காலையில் வந்து கொட்டகைக்குள் நின்று சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கனமான மனுஷர், வெள்ளைச் சட்டை. பாபுவும் சமையல்காரப் பெண்கள் இருவரும் உள்ளே அண்டாவை நகர்த்தினார்கள். வண்டி வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

என் ஓரகத்தி கஸ்தூரி வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். சும்மா இருப்பேனா? டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

“பாத்துக்கினே இரு கஸ்தூரி, ஷட்டர ஒத்த விரல்ல மூடிக் காட்றேன்.”

அமுக்கினேன். அசையவில்லை. பாபுவின் விரல் பலம் எனக்கில்லை. குமிழுக்கும் பட்டனுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, அதை அடைத்தால் சரியாகிவிடும் என்று கண்டுபிடித்தேன். (இன்ஜினியர் மூளை!) மடியில் திருப்பாச்சூர் கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது. அதைத் திணித்து மூடியைச் சாத்தினேன்.

ஷட்டர் இறங்கியது. கஸ்தூரி வாயைப் பிளந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதியில் நின்றது. ஏறியது. மறுபடி இறங்கியது. என்ஜின் ஆட்டத்துக்குப் பட்டன் தானாகவே அமுங்கி அமுங்கி எழுந்தது.

உள்ளேயிருந்து பாபு கத்தினான்: “யம்மா! கைய எடு!”

“நான் கையே வெக்கலடா!”

பொட்டலத்தைப் பிடுங்குவதற்குள் மோட்டார் கருகும் வாசனை வந்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஷட்டர் செத்துப்போனது. வேறு வாசல் கிடையாது. அண்டாவோ இடுப்பு உயரம்.

“இன்னாக்கா இது பேஜாரு?” என்றாள் கஸ்தூரி.

தெரியாது என்று அப்போதும் சொல்லவில்லை. “டேய் பாபு, சோத்தத் தட்டுல அள்ளித் தள்ளு. சாம்பாரு சின்ன வாளில வரட்டும்.” வண்டியில் இருந்த காலி அண்டாக்களில் நாங்கள் வாங்கிக் கொட்டினோம். வேகம் போதவில்லை. ஆபீசரும் வயிறு தரையில் படப் படுத்து வாளி தள்ளினார்.

“ஏம்மா, சட்டையெல்லாம் சாம்பாரு!”

“நான் தொவச்சித் தரேன் சார், நீங்க தள்ளுங்க!”

பாபு தவழ்ந்து வெளியே வந்து வண்டியை எடுத்தான். பன்னிரண்டு இருபதுக்கெல்லாம் சாப்பாடு கம்பெனியில். ஆபீசரால்தான் அந்தச் சந்தில் நுழைய முடியவில்லை. மெக்கானிக் வரும்வரை உள்ளேயே இலை போட்டு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் வெளியே வந்ததும் சொன்னார்: “உங்க ஷட்டர நம்ப மாட்டேன். சமையல நம்பறேன்.”

அந்த ஆர்டர் ஒன்பது வருஷம் எங்களிடம்தான் இருந்தது. அவர் சட்டையை நானே துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கறை மட்டும் போகவில்லை.

கஸ்தூரி இப்போதும் வந்தால் வாசலிலேயே நின்றுகொண்டு குரல் கொடுப்பாள்: “இன்னாக்கா, இன்னிக்கி யார உள்ள போட்டு மூடிக்கீறே?”

“எடம் காலியாத்தான் கீது. நீ வா” என்பேன்.