பூஜை மணியும் அரை மாத்திரையும்

அலுவலகத்தில் என் பேச்சை யாரும் நம்புவதில்லை. வீட்டிலும் அதே நிலவரம்தான். என்னை முழுதாக நம்பிய ஒரே ஜீவன் எங்கள் நாய் ராகி. ஒரு வாழைப்பழத் துண்டைக் கொடுத்து அந்தக் குறையையும் தீர்த்துக்கொண்டேன்.

ராகி, பெங்களூர் வைட்ஃபீல்ட் சாலையோரத்தில் என் மனைவி சுமதி கண்டெடுத்த தெருநாய். ராகி மாவு நிறம், அதனால் அந்தப் பெயர். ஆறு வருடத்துக்கு முன் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. "ரத்தம் ரொம்ப வீக்கா இருக்கு. ஒரு வேளை கூட விடாதீங்க, மாத்திரைய ஒடைக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. சுமதி அதன் தாடையைப் பிரித்து, அடிநாக்கில் மாத்திரையைப் போட்டு, தொண்டையைத் தடவிவிடுவாள். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஐந்தாம் நாள் ஓசூரில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. மகளோடு போய் மறுநாள்தான் திரும்புவாள்.

"நெஜமாவே குடுத்துடுவீங்களா? இல்லன்னா நா போகல."

"பதினாலு பேர் டீமையே மேய்க்கறேன். ஒரு நாய்க்கு மாத்திரை குடுக்க மாட்டேனா?"

(மேய்த்தது உண்மை. நாயின் வாய்க்குள் கைவிட எனக்கு உயிர் போகும் பயம் என்பதும் உண்மை. இரண்டாவதை மட்டும் சொல்லவில்லை.)

மாலை வேளை வந்தது. இட்லிக்குள் வைத்தேன். இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைக் கழுவித் துடைத்ததுபோல் தரையில் வைத்தது. தயிர்சாதத்திலும் அதே மரியாதை.

அப்போதுதான் என் மேலாளர் மூளை வேலை செய்தது. தினமும் சுமதி பூஜை முடித்து மணி அடித்ததும் ராகி பூஜை அலமாரி முன்னால் வந்து உட்காரும். நைவேத்தியப் பழத்தில் ஒரு துண்டு அதற்கு. காய்ச்சலிலும் அது மோந்து பார்க்காமல் விழுங்கிய ஒரே பொருள் அதுதான். நான் குளிக்கவில்லை, விளக்கேற்றவில்லை. அரைக்கால் சட்டையோடு நின்று மணி அடித்தேன். மாத்திரை வாழைப்பழத் துண்டுக்குள் அடங்காததால் பாதியாக உடைத்துச் செருகியிருந்தேன்.

நிற்கத் தெம்பில்லாத நாய், வாலை ஆட்டிக்கொண்டே நடந்து வந்து உட்கார்ந்தது. வாங்கிக் கடித்தது. அடுத்த நொடி வாயெல்லாம் நுரை.

செத்தது என்று முடிவு கட்டி, நாயைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி ஓடினேன். "ஏனாயித்து சார், என்ன ஆச்சு? பூஜையா?" என்றார் வாசல் காவலாளி. அப்போதுதான் பார்த்தேன், மணி இன்னும் என் கையிலேயே இருந்தது.

போனில் டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "ஒடைச்சீங்களா? கசப்பு சார், அதான் நுரை. சாகாது. இனி உங்க கையால சாப்பிடுமான்னுதான் தெரியல."

சாப்பிடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கட்டிலுக்கடியில் புகுந்து என்னைப் பார்த்து உறுமியது. மறுநாள் காலை வேளையும் போயிற்று. மதியம் சுமதி வந்தபோது ராகியால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு நாள் டிரிப்ஸ். பிழைத்தது அவள் புண்ணியத்தில்.

வீடு திரும்பிய மறுநாள் காலை சுமதி மணி அடித்தாள். ராகி நடுங்கிக்கொண்டே கட்டிலுக்கடியில் ஊர்ந்து போய், அங்கேயே மூத்திரம் போனது.

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நா போயிருக்கவே மாட்டேனே" என்றாள். "சாமி மணிய ஏங்க அடிச்சீங்க?"



இப்போது நான் எதை நீட்டினாலும் வீட்டில் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்பார்கள். போன தீபாவளிக்கு நான் கொடுத்த லட்டை என் மகள் விருந்தாளிகள் முன்னால் உடைத்து, "உள்ள ஒண்ணுமில்ல, தைரியமா சாப்பிடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மணி துணியில் சுற்றி அலமாரி மேல் தட்டில் இருக்கிறது. ஆறு வருடமாக எங்கள் வீட்டில் பூஜை சத்தமில்லாமல் நடக்கிறது. முடிந்ததும் சுமதி மெதுவாகக் கூப்பிடுவாள். ராகி வரும், நான் அந்த அறையில் இல்லையென்றால்.