எச்சிலை அளந்த ஷூ கயிறு

எங்கள் ஊரில் மூன்று மாதம் சாவே ஒழிந்திருந்தது. சவப்பெட்டி செய்யும் தச்சரே கடையைப் பூட்டிவிட்டு வரிசையில் வந்து நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசை கொஞ்சம் நீளம். வாலில் நின்ற ஒருவர் வரிசையின் தலைக்கு வந்து சேர்வதற்குள் தலை நரைத்துவிட்டது. நானே பார்த்தேன்.

அத்தனை பேரும் காத்திருந்தது நுனி வைத்தியருக்காக. பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில் இருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்க்கு இவ்வளவு கூட்டம் சேராது.

"உங்க செல்லுக்குள்ள குரோமோசோம் இருக்கு. அது ஒவ்வொண்ணோட நுனியிலயும் ஒரு காப்பு இருக்கு, டெலோமியர். ஷூ கயிறு நுனியில பிளாஸ்டிக் குழாய் இருக்கே, அது மாதிரி. செல் ரெண்டு ரெண்டாப் பிரியப் பிரிய அது தேயும். தேஞ்சா முதுமை! என் சொட்டு மருந்துல டெலோமெரேஸ் இருக்கு. தேஞ்சதை வளர்த்துடும்!"

கோப்பையில் எச்சில் துப்பி, பெயரும் வயதும் எழுதிய சீட்டை ஒட்டித் திரைக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். பத்து நிமிடத்தில் உங்கள் நுனிக்கு ஏற்ற நீளத்தில் ஒரு ஷூ கயிறு வரும். நீளம் என்றால் கழுத்தில், குட்டை என்றால் விரலில் கட்டிக்கொள்ள வேண்டும். மாதாமாதம் சொட்டு, மாதாமாதம் இன்னும் நீளமான கயிறு. தபால்காரரின் கயிறு தொப்புளைத் தொட்டதும், ஓய்வு பெறவே மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

நானும் வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் மச்சினி வந்து நிற்கும்வரை. அவளுக்கு மார்பில் புற்றுநோய். மருத்துவமனையில் ஆறு கீமோ ஊசியில் மூன்று முடிந்திருந்தது. தலையில் முடி இல்லை, நாக்கில் ருசி இல்லை.

"நாலாவது ஊசிக்குப் போகல மாமா. சொட்டு மருந்தே போதும்னு வைத்தியர் சொல்லிட்டார். செல்லுக்கு பலம் குடுக்குமாம்."

"எந்த செல்லுக்கு?" என்றாள் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆய்வகக்காரி. மருத்துவமனையில் நாள் முழுக்கக் கட்டிகளைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவள் வேலை.

"நம்ம உடம்புல முக்கால்வாசி செல்லுல அந்த டெலோமெரேஸ் அணைஞ்சு கிடக்கும்க்கா. நுனி ரொம்பத் தேஞ்சா செல் பிரியறதை நிறுத்திடும். அது ஒரு பிரேக். புற்றுநோய் செல் பெரும்பாலும் அதே டெலோமெரேஸை முடுக்கி விட்டுக்கும். நுனி தேயாது, பிரேக் பிடிக்காது, பிரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

"அப்போ அவரோட சொட்டு?"

"பொய்யா இருந்தா வெறும் தண்ணி. நெஜமா இருந்தா உங்க கட்டிக்குக் கொண்டாட்டம்."

"அவர் அளந்து காட்டறாரேடி!"

"அளக்கறாரான்னு பார்த்துடுவோம். உங்க எச்சில்தான், ரெண்டு கோப்பை. ஒண்ணுல வயசு இருபது, இன்னொண்ணுல தொண்ணூறு. கயிறு வேற வேற நீளமா வந்தா வியாழக்கிழமை ஊசிக்குப் போகணும். சம்மதமா?"

"சரி" என்றாள் மச்சினி.

மறுநாள் மூவரும் போனோம். இருபது வயதுக் கோப்பையை மச்சினி கொடுத்தாள். தொண்ணூறை நான் கொடுத்தேன். எனக்கு எழுபத்துநாலுதான். சீட்டை வாங்கியவன் சந்தேகமே படாததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவளுக்கு வந்த கயிறு தரையைக் கூட்டியது. எனக்கு வந்தது சுண்டுவிரலைக்கூடச் சுற்றவில்லை.

"ரெண்டும் என் எச்சில்தான்யா!" என்று கத்தினாள் மச்சினி. மூன்று மாதமாகக் கேட்காத குரல்.

வைத்தியர் அசரவில்லை. "எச்சில் ஒண்ணா இருக்கலாம்மா. கோப்பையோட மனநிலை வேற!"

அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள். ஆய்வகக்காரி திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். உள்ளே இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு கை கழுவும் தொட்டி, அதில் கொட்டிய எச்சில். சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வயது எழுதி, முன்கூட்டியே வெட்டிய கயிறுகள் தொங்கின.

வைத்தியர் ஓடினார். நாலாவது படியிலேயே ஷூ இரண்டும் கழன்றுவிட்டன. அவற்றில் கயிறு இல்லை.

"அப்போ நான் கடையைத் திறக்கலாமா?" என்றார் தச்சர்.

"நீளமான கயிறை மட்டும் வெச்சுக்கலாமா?" என்றார் தபால்காரர்.

வியாழக்கிழமை மச்சினி நாலாவது ஊசிக்குப் போனாள். மருத்துவமனை ஃபைலை அந்த இருபது வயதுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

உங்கள் கழுத்தில் கயிறு மாட்டவும் யாராவது வருவார்கள். குனிவதற்கு முன் இரண்டு கோப்பை கொடுத்துப் பாருங்கள். தலை இருப்பது கயிறு நழுவாமல் இருப்பதற்கு மட்டும் அல்ல.