படியில் நின்ற வீரன்

கிட்டே வந்து உட்காருங்கள் மக்களே, வெயில் தாழட்டும். இன்றைக்குச் சொல்லப்போவது ஒரு கம்ப்யூட்டர் கதை. பயப்படாதீர்கள். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் இதில் கம்ப்யூட்டர் வரும், மிச்சமெல்லாம் மனுசர்கள்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பும் சாப்பிட்டாகிவிட்டது. தானியேல் சார் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள் ஒரு கோட்டைப் படியில் வாளோடு நின்றார். நின்றார் என்றால் நின்றேவிட்டார். ஒரு கால் படியில், ஒரு கால் ஆகாயத்தில். மேலே நெருப்பைக் கக்க வந்த டிராகனும் திறந்த வாயை மூடாமல் அப்படியே நின்றது. நடுவே ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பா, என்னாச்சு?" என்றாள் மகள் ரீபா, புனேயில் தன் கம்ப்யூட்டரில் கூடவே விளையாடிக்கொண்டு.

"சுத்துதும்மா."

"சரி, சுத்தட்டும். நான் சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கேன். அங்க மழையா?"

"மழையெல்லாம் மலையிலதான். ஆத்துல தண்ணி நல்லா வருது. காலைல கொக்கிரகுளம் வரைக்கும் போய்ப் பாத்தேன்."

"நடந்தா போனிய? முட்டி வலின்னு அம்மா சொன்னாவளே?"

"அம்மாவுக்கு வலது முட்டி மட்டுந்தான் தெரியும். இடதைச் சொல்லல."

ரீபா சிரித்து முடிப்பதற்குள் வட்டம் நின்றது. டிராகன் ஊதியது. தூக்கிய கால் தரைக்கு வருமுன்னே தானியேல் சார் கரிக்கட்டையானார்.

"செத்துட்டேம்மா."

"பரவால்லப்பா. அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்."

அந்தப் 'பரவால்ல'தான் அவருக்கு முள்ளாகக் குத்தியது. பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் உலகத்தையே பேசித் தீர்த்துவிட்டதாலோ என்னவோ, வீட்டில் பேச்சு குறைவு. மகள் போன் செய்தால், "சாப்ட்டியா? இரு, அம்மாட்ட குடுக்கேன்." அவ்வளவுதான், போன் மனைவி சாலோமி கைக்குப் போய்விடும். நம் பக்கத்து அப்பாக்கள் பாதிப் பேர் அப்படித்தானே. போன கிறிஸ்துமஸ் லீவில் ரீபா வந்தபோது, தான் காலேஜில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவருக்கு ஒரு துள்ளல்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து. வாராவாரம் இப்படிச் செத்துக்கொண்டிருந்தால் பிள்ளை எத்தனை நாள் பொறுப்பாள்? சுறுசுறுப்பான வேறு ஆளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போய்விட மாட்டாளா?

"புதுசு ஒண்ணு வாங்குங்களேன்," என்றாள் சாலோமி. "அந்தக் கெழட்டு டப்பாவ இன்னும் கட்டிக்கிட்டு அழுதிய."

"கெழடாப் போனா தூக்கிப் போட்டுரணுமோ?"

சாலோமி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் கம்ப்யூட்டரச் சொன்னேன்."

மறுநாள் அதைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் பேட்டைக்குப் போனார். அங்கே மகாராஜா கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் இவரிடம் படித்தவன், ரீபாவுக்கும் தெரிந்தவன். வரைபடத்தில் இலங்கையை மேற்கே போட்டுவிட்டுப் பெஞ்சு மேல் நின்றவன். முன்னால் மேசையில் அவன் மனைவி முத்துராணி.

"ஏலே மகாராஜா, இத ரிப்பேர் பாக்கவா, புதுசு வாங்கவா?"

"புதுசு எதுக்கு சார்? மெமரியக் கொஞ்சம் கூட்டிவிட்டாப் போதும். கல்லு மாதிரி ஓடும்."

கல் ஓடாது என்பது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. வேலை முடிந்ததும் அவன் காசு வாங்க மறுத்துவிட்டான். "உங்ககிட்ட வாங்கினா கை வெளங்குமா சார்?"

அடுத்த ஞாயிறு படிக்கட்டு வரைக்கும்கூடப் போகவில்லை, கோட்டை வாசலிலேயே நின்றுவிட்டது. வட்டம் சுற்றிய நேரத்தில், பக்கத்து வீட்டு ஆடு சாலோமியின் குரோட்டன்ஸ் செடியைத் தின்றதையும், ஆடு தின்றதற்குத் தான் திட்டு வாங்கியதையும் மகளிடம் சொன்னார். பிறகு செத்தார்.

மகாராஜாவிடம் மறுபடி போனார். அவன் படத்தை வேகமாகக் காட்டுகிற கார்டு ஒன்றை உள்ளே சொருகினான். அந்த வாரம் விளையாட்டு பறந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்த காற்றாடி போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. மதில் மேலாகப் பக்கத்து வீட்டு டார்லின் எட்டிப் பார்த்தாள்.

"சாலோமிக்கா, ஞாயித்துக்கிழமையும் மாவாட்டுதியளா?"

"ஆமா, உங்க சார்தான் ஆட்டுதாவ. போய்க் கேளு, எத்தன படின்னு!"

"அப்பா, நீங்க பேசுதது ஒண்ணும் கேக்கல!" என்று ரீபா கத்தினாள். டிராகனைக் கொன்றார்கள், கொடியை ஏற்றினார்கள். "சரிப்பா, வைக்கேன்," என்று சீக்கிரமே போய்விட்டாள். ஜெயித்த தானியேல் சார், தோற்றதைவிடச் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் வாசலில் திருப்புளியோடு மகாராஜா.

"நான் இன்னும் சொல்லவே இல்லையேலே?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் சார்." காற்றாடியை மாற்றினான், உள்ளே எதையோ கழற்றினான், எதையோ மாட்டினான், காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

சத்தம் அடங்கியது. அடுத்த ஞாயிறு விளையாட்டும் அடங்கிவிட்டது. சாலோமி காப்பி போட்டுக் கொண்டுவந்தாள், அவர் குடித்தார், அவள் தம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சும்மா எவ்வளவு நேரம் இருப்பது? பேசினார். ரீபாவைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று, வீட்டுக்கு வர மனசில்லாமல், வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேம்ப்பா."

"என்ன, தொண்ட கட்டியிருக்கு? சளியா?"

"ஆமாப்பா. சளிதான்."

சளியில்லை, சலிப்பு என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். இந்தப் பெட்டியை இனி வீட்டில் வைத்திருந்தால் மகள் கைவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் மறுபடி போர்வை, மறுபடி ஆட்டோ, மறுபடி பேட்டை.

"புதுசு எடுலே. அந்தா, அதக் குடு."

"அது வேற ஆளுக்குச் சொல்லி வச்சது சார்."

"சரி, அப்ப இது?"

"இதுவும்தான் சார்."

"கடையில இருக்கது எல்லாமே வேற ஆளுக்கா? நீ யாவாரம் பண்ணுதியா, காவல் காக்கியாலே?"

"சார், பைய, பைய. கோவப்படாதிய. இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துக் குடுக்கேன்..."

தானியேல் சாருக்கு இத்தனை வருசம் அடக்கி வைத்திருந்த வாத்தியார் கோபம் வந்துவிட்டது.

"நீ தொட்ட பெறவுதாம்லே இது இந்தக் கதியாச்சு! இலங்க எந்தப் பக்கம்னு தெரியாத பயகிட்ட கொண்டாந்து குடுத்தேன் பாரு, என்னயச் சொல்லணும். எனக்குன்னு இருக்கது அந்த ஒரு மத்தியானந்தான். எம்மக என்னய விட்டுட்டு வேற ஆளோட வெளையாடப் போயிட்டா, நீயா வந்து எங்கூட உக்காரப் போற? தொழில் தெரியாதவனே!"

மகாராஜா தலையைக் குனிந்துகொண்டான். கையில் இருந்த திருப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேசைக்குப் பின்னால் முத்துராணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"ஏ முத்து, சும்மா இரு," என்றான் மகாராஜா.

"எவ்வளவுதான் சும்மா இருக்க? இந்த மனுசன் தொழில் தெரியாம ஒண்ணும் இல்ல சார்! உங்க மகதான் வாராவாரம் போன் போட்டுக் கெஞ்சுதாவ: 'மகாராஜா, அது ஓடணும், ஆனா நின்னு நின்னு ஓடணும், அது நிக்கையிலதான் எங்கப்பா என்கிட்ட பேசுதாவ'ன்னு!"

அவ்வளவுதான் மக்களே கதை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும், அவர்கள் குரல் உங்கள் காதுக்கு எட்டிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் அடுப்பும் அணையாமல், பேச்சும் ஓயாமல், எல்லாரும் சுகமாக இருங்கள்.